எண்ண எண்ண வந்தவர்கள்

செங்கழிநாட்டின் படையில் ஒரு காலத்தில் நானூற்றுப் பன்னிரண்டு பேர்தான் இருந்தார்கள், அவர்களுக்கு மூன்று லாரியும் ஒரு மிதவைப் படகும் ஏழு சோற்று அண்டாவும் இருந்தன, அந்த அண்டாக்கள் பொங்குவதும் அந்த லாரிகள் ஓடுவதும் அத்தனை பேர் காலுக்கும் பூட்ஸ் கிடைப்பதும் கேப்டன் தெய்வயானையின் பொறுப்பு. நாற்பத்தாறு வயதான அவள் இருபத்திரண்டு வருஷமாக வழங்கல் அதிகாரியாக இருந்தும், ஒரு வேளைகூட ஒரு வீரனையும் பட்டினி போட்டதில்லை என்பதைத் தவிர வேறு பெருமை எதையும் பேசிக்கொண்டதில்லை.

ஐப்பசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கொட்டாரமேட்டுப் பாசறை மைதானத்தில் ஹவில்தார் சிங்கராயர் வழக்கம்போல் வரிசையை எண்ணிக்கொண்டு வந்தார். அன்றைக்கு அவர் மகள் பிரசவத்துக்காக ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். மனம் அங்கேயே இருந்ததால் நானூற்றுப் பன்னிரண்டில் நிறுத்த வேண்டும் என்பதை மறந்து, அதே மூச்சில் "நானூற்றுப் பதிமூணு" என்றார். "உள்ளேன் ஐயா" என்று வரிசையின் கடைசியிலிருந்து குரல் வந்தது. திரும்பிப் பார்த்தால், அப்போதுதான் குளித்துத் தலைவாரியவன்போல், மடிப்புக் கலையாத சீருடையில் ஒருவன் வெறுங்காலோடு நின்றான். சிங்கராயர் நானூற்றுப் பதினான்கு என்றார், அவனுக்குப் பக்கத்தில் இன்னொருவன் நின்றான். தொண்டை வறண்டு தண்ணீர் கேட்கும்வரை அவர் எண்ணிக்கொண்டே போனதில் பதினெட்டுப் பேர் வந்து சேர்ந்திருந்தார்கள்.

சமையற்காரர் மட்டும் வெளியே வந்து எட்டிப் பார்த்து, "இவங்களுக்கும் சோறு உண்டாம்மா?" என்று கேட்டார்.

"உலை வச்சாச்சே, இப்ப வந்து நின்னா எப்படி?" என்றாள் தெய்வயானை. அந்தப் பதினெட்டுப் பேர் விஷயத்தில் அன்று பாசறையில் எழுந்த ஒரே கேள்வி அதுதான்.

தளபதி வீரபாகு மைதானத்துக்கு ஓடி வந்து ஒவ்வொருவன் தோளையும் தொட்டுப் பார்த்தார், அவர் கண் கலங்கியிருந்தது. அண்டை நாடுகளின் மாநாட்டில் படையின் அளவுப்படிதான் நாற்காலி போடுவார்கள், முப்பது வருஷமாக அவருக்குக் கதவோரத்து நாற்காலி, அந்தக் கதவைத் திறந்து மூடுகிற வேலையும் பாதி நேரம் அவருடையதாகவே இருந்தது. "சிங்கராயரே, இனிமே தினம் இருநூறு" என்றார். "ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து."

அப்படியே காலை ஆறு மணிக்குத் தொடங்கி நண்பகல்வரை எண்ணினார்கள். சிங்கராயர் குரலுக்கு மட்டும்தான் ஆள் வந்தார்கள், ஆளைத் தவிர வேறெதுவும் வரவில்லை. தெய்வயானையின் தொந்தரவு தாங்காமல் அவர் ஒருநாள் பூட்ஸை எண்ணிப் பார்த்தார், துப்பாக்கியை எண்ணிப் பார்த்தார், அரிசி மூட்டையைக்கூட எண்ணிப் பார்த்தார், மைதானத்தில் காற்றுதான் அடித்தது.

நாற்பதாயிரம் ஜனம் உள்ள நாடு அது. தை பிறப்பதற்குள் படை பதினாறாயிரத்தைத் தாண்டியது, பாசறை கொள்ளாமல் பள்ளிக்கூட மைதானத்திலும் உப்பளத்து வரப்பிலும் ரயில் நிலையத்திலும் படுத்தார்கள். குளத்தில் குளிக்க விடியற்காலையிலேயே வரிசை நின்றது. கிணறுகள் மாசிக்கு முன்பே தரை தட்டின. திருவிழாவில் ஐந்நூறு பேர் ஆசையாக வடம் பிடித்ததில் தேர் நிலையைத் தாண்டி, வளைவைத் தாண்டி, மீன் சந்தைக்குள் போய் நின்றது, அதைத் திரும்ப இழுக்க மூவாயிரம் பேர் வந்ததில் சந்தையின் கூரையும் போனது. கல்யாணத் தரகர்கள் முதலில் சந்தோஷப்பட்டார்கள், பிறகு மாப்பிள்ளைக்கு ஊர் எது, தாய் தகப்பன் யார் என்ற கேள்விக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் ஜாதகங்களை மூடி வைத்தார்கள்.

ஆனால் எரிச்சலைக்கூட முழுசாகப் பட முடியாதபடி அவர்கள் மரியாதைக்காரர்களாக இருந்தார்கள். குடத்தை வாங்கித் தூக்கிக் கொடுப்பார்கள். குழந்தை அழுதால் எட்டுப் பேர் ஓடி வருவார்கள். எதைத் தொட்டாலும் தெரியாமல் உடைப்பார்கள், உடைத்துவிட்டு அங்கேயே நின்று வருத்தப்படுவார்கள். நிற்கவும், நடக்கவும், சலாம் வைக்கவும் மட்டும்தான் அவர்களுக்குத் தெரியும். வாசல் தெளிக்கிற பெண்களிடம் வந்து, "அக்கா, எங்க ஊர் எது?" என்று கேட்பார்கள். தினம் பத்துப் பேருக்குப் பதில் சொல்லிச் சலித்துப்போன பெண்கள், "இதுதான்டா உங்க ஊரு, போய் ஓரமா உக்காரு" என்றார்கள். அவர்கள் அதை அப்படியே நம்பி ஓரமாகப் போய் உட்கார்ந்தார்கள்.

தெய்வயானை பங்குனியில் தளபதியைப் பார்க்கப் போனாள். அவர் மேசையில் வாழ்த்துக் கடிதங்கள் குவிந்திருந்தன, ஆற்றுக்கு அந்தப் பக்கத்து மேற்கரை நாட்டிலிருந்து வந்த கடிதத்தை அவர் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார்.

"ஐயா, முப்பதாயிரம் பேருக்கு அறுநூறு ஜோடி பூட்ஸ் இருக்கு. துப்பாக்கி ஐந்நூறு. லாரி மூணுல ஒண்ணு கிழக்கால பாத்துத்தான் ஓடும், மேற்க திரும்பாது. ஒருத்தனுக்கும் நீச்சல் தெரியாது, ஆத்துக்கு இந்தப் பக்கம் இருக்கிற நாட்டோட படை இது. எண்ணுறத ஒரு வருஷம் நிறுத்துங்க. வந்தவங்களுக்கு ஏதாவது கத்துக் கொடுப்போம்."

"மேற்கரையில எத்தனை பேரும்மா?"

"தொள்ளாயிரம்."

"நம்மகிட்ட?"

"ஐயா, நான் கேட்டது பூட்ஸ்."

"முப்பதாயிரம் பேர் வந்து நின்னா பூட்ஸை எவன் பாக்கப் போறான்?" என்று தளபதி சிரித்தார். "அன்னைக்கு மாநாட்டுல என்னை எங்க உக்கார வச்சாங்க தெரியுமா? மேடையில. மேடையிலம்மா!"

"அப்போ தாழைத்திட்டு மதகுக்காவது காவல் திருப்பி அனுப்புங்க. ஆறு பேரையும் அணிவகுப்புக்குக் கூப்பிட்டுட்டீங்க. நடு ஆத்துல மதகு தனியாக் கிடக்கு."

"அணிவகுப்புல எண்ணிக்கை குறையக் கூடாது. முழு எண்ணா வரணும்."

தெய்வயானை அதை எழுத்தில் கொடுத்தாள். ஒரு தடவை இல்லை, ஒன்பது தடவை கொடுத்தாள். ஒவ்வொரு கடிதத்தின் மேலும் 'பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தளபதி திருப்பி அனுப்பினார்.

பாசறையின் பணிமனையில் எபனேசர் என்று ஒரு மெக்கானிக் இருந்தார். அறுபது வயதை நெருங்கியவர், மனைவி இறந்து, பிள்ளை இல்லாமல், மூன்று லாரிகளையும் மிதவைப் படகையும் திட்டிக்கொண்டே உயிரோடு வைத்திருந்தவர். சித்திரையில் ஒருநாள் முப்பத்தோராயிரத்து ஏழாவது ஆள் பணிமனை வாசலில் வந்து நின்றான், எபனேசர் போகச் சொல்லியும் போகவில்லை, நான்கு நாள் நின்றான். ஐந்தாம் நாள் எபனேசர், "நிக்கிறதுதான் நிக்கிற, அந்தப் பதினாலாம் நம்பர் ஸ்பானரை எடு" என்றார். அவன் பன்னிரண்டை எடுத்தான். எபனேசர் வாயில் வந்ததைச் சொன்னார். மறுநாள் அவன் சரியாக எடுத்தான்.

அவனை எல்லாரும் ஏழு என்று கூப்பிட்டார்கள். ஏழு, சங்கிலி மாற்றக் கற்றான், பற்றவைக்கக் கற்றான். ஆனியில் எபனேசர் அவன் இடுப்பில் கயிறு கட்டி மிதவையிலிருந்து ஆற்றில் தள்ளிவிட்டார், பதினைந்து நாளில் கயிறு இல்லாமல் நீந்தினான். அவன் போய்ச் சொன்னானோ என்னவோ, இன்னும் இருபத்திரண்டு பேர் வாசலில் வந்து நிற்க ஆரம்பித்தார்கள். "இது பணிமனையா, சத்திரமா?" என்று எபனேசர் தெய்வயானையிடம் கத்தினார், கத்திக்கொண்டே அவர்களுக்கும் வேலையும் நீச்சலும் கற்றுக்கொடுத்தார். அதற்குமேல் ஆள் சேர்க்க அவரிடம் ஸ்பானர் இல்லை. ஆனால் மதியச் சாப்பாட்டில் முட்டை கிடைத்தால் அதை ஏழின் தட்டில் தள்ளிவிட்டு, எனக்கு ஒத்துக்கொள்ளாது என்று சொல்வதை அவள் பார்த்திருந்தாள்.

ஆவணியில் படை அறுபதாயிரத்தைத் தொட்டது, தளபதி வெடி போடச் சொன்னார். வெடிச் சத்தம் மேற்கரைவரை கேட்டது. மூன்றாம் நாள் காலை எல்லை ஆறான கரியாற்றின் கால்வாய்களில் தண்ணீர் வரவில்லை. மேற்கரையிலிருந்து பதினொரு பேர் ஒரு விசைப்படகில் தாழைத்திட்டுக்கு வந்து, யாருமே இல்லாத மதகில் ஏறி, கதவுகளை இறக்கிப் பூட்டிவிட்டு, அங்கேயே அடுப்பு மூட்டிச் சமைத்துக்கொண்டிருந்தார்கள்.

"பதினொரு பேர்! நம்ம அறுபதாயிரம்!" என்று தளபதி குதிரையில் ஏறினார். அன்று மதியமே படை புறப்பட வேண்டும், ஒருத்தனும் பாசறையில் தங்கக் கூடாது, எண்ணிக்கை முழுசாக இருக்க வேண்டும். எபனேசரின் ஆட்களில் இருபத்திரண்டு பேரைத் தெய்வயானை மிதவைக்கு வேண்டுமென்று சண்டை போட்டு நிறுத்திக்கொண்டாள். ஏழு மட்டும் பணிமனைக்கு வெளியே தண்ணீர் பிடிக்கப் போயிருந்தான். வரிசையில் ஓர் இடம் காலியாக இருக்கிறது என்று யாரோ அவனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் அதில் நிறுத்தினார்கள்.

கொட்டாரமேட்டிலிருந்து ஆற்றுக்குப் பதினான்கு மைல், ஒரே சாலை. நான்கு நான்கு பேராக நடந்தும், படையின் தலை ஆற்றங்கரையைத் தொட்டபோது வால் இன்னும் பாசறை வாசலைத் தாண்டவில்லை. சோற்று அண்டாக்கள் வாலில் இருந்தன. பசித்த தலை சோறு தேடித் திரும்பி நடந்தது, வந்துகொண்டிருந்த உடல்மேல் முட்டியது, இரண்டு நாள் அந்தச் சாலையில் முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் போக முடியாமல் அறுபதாயிரம் பேர் வெறுங்காலோடு வெயிலில் நின்றார்கள், நிற்பது மட்டும்தான் அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. வழியோர வீடுகளில், தங்களுக்கே குடிக்கத் தண்ணீர் இல்லாத பெண்கள், "எதுக்குடா இத்தனை பேர் வந்தீங்க" என்று திட்டிக்கொண்டே மிச்சமிருந்த நீராகாரத்தை ஊற்றிக் கொடுத்தார்கள்.

மூன்றாம் நாள் காலை தெய்வயானை மிதிவண்டியில் வயல்வரப்பு வழியாகக் கரைக்கு வந்து சேர்ந்தாள். மதகு மூடியிருந்ததால் ஆறு வற்றி நடுவில் சேறும் சில ஓடைகளுமாகக் கிடந்தது. தளபதி முதல் இருநூறு பேரைக் கரையில் நிறுத்தியிருந்தார்.

"இறக்காதீங்க ஐயா. மேல மூணு நாள் தண்ணி தேங்கி நிக்குது. அவங்க கதவைத் தூக்கித்தான் ஆகணும், இல்லன்னா மதகே போயிரும். எபனேசர் அண்ணன் மிதவையோட கழிமுகம் வழியா வந்துட்டிருக்கார். மதியம்வரை பொறுங்க."

"மிதவையில எத்தனை பேர் ஏறலாம்?"

"அறுபது."

"என்கிட்ட அறுபதாயிரம் இருக்கு. அறுபது பேரை அனுப்பி ஜெயிச்சேன்னு சொன்னா சிரிக்க மாட்டானா?"

"யாருங்க சிரிப்பாங்க? யாரு?" அவள் அவர் முன்னால் வந்து நின்றாள். "இவங்களுக்கு நீந்தத் தெரியாது. உங்களுக்குக் காது இருக்கா இல்லையா?"

தளபதி கையை உயர்த்தினார். இருநூறு பேரும் மரியாதையாக, வரிசை கலையாமல் ஆற்றில் இறங்கினார்கள். அவர்கள் நடு ஆற்றுக்குப் போய்ச் சேர்ந்த நேரத்தில் மதகில் இருந்தவர்கள், தாழம்புதர் மறைத்ததில் இந்தப் பக்கம் என்ன நடக்கிறதென்று தெரியாமலே, தண்ணீர் தலைக்குமேல் ஏறுகிறதே என்ற பயத்தில் இரண்டு கதவுகளைக் கால்மணி நேரம் தூக்கினார்கள். யாரும் சுடவில்லை, யாரும் தாக்கவில்லை. தண்ணீர் வந்தது.

வரிசையில் இருந்த ஏழு நீந்தினான். கரைக்கு ஒருவனை இழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பினான், இன்னொருவனை இழுத்து வந்தான், மீனவர்கள் வள்ளங்களை இறக்குவதற்குள் ஒன்பது பேரைக் கரை சேர்த்தான். "போதும்டா, மேல வா!" என்று தெய்வயானை இடுப்பளவு தண்ணீரில் நின்று கத்தினாள். பத்தாவது ஆளுக்காகப் போனவன் திரும்பவில்லை.

நாற்பத்தொரு பேர் போனார்கள். மீனவர்கள் ஒவ்வொருவராகக் கொண்டுவந்து மணலில் கிடத்தினார்கள். கிராம எழுத்தர் இறப்புப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு வந்து, பெயர் என்ற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு, எண்ணை எழுதினால் ஏற்க மாட்டார்களே என்று தயங்கினார். அதற்குள் மிதவை வந்துவிட்டது. எபனேசர் இறங்கி வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்து ஏழின் தலைமாட்டில் உட்கார்ந்தார், அவன் விரல் இடுக்கில் இன்னும் கிரீஸ் கறை இருந்தது.

"சாமுவேல்னு எழுதுங்க" என்றார். "அப்பா பேரு எபனேசர்."

எழுத்தர் எழுதினார். பக்கத்தில் நின்ற மீன்காரப் பெண் ஒருத்தி, காலையில் நீராகாரம் கொடுத்துவிட்டுத் திட்டியவள், அடுத்த உடலைக் காட்டி, "இவனுக்கு என் தம்பி பேரை எழுதுங்க" என்றாள். கூட்டத்திலிருந்து ஒவ்வொருவராக வந்தார்கள். நாற்பத்தொரு வரியும் நிரம்பின.

தெய்வயானை தளபதியிடம் அனுமதி கேட்கவில்லை. ஈரச் சீருடையைப் பிழிந்துகொண்டு மிதவையில் ஏறினாள். எபனேசர் எஞ்சினை முடுக்கினார். அந்த இருபத்திரண்டு பேரும் அவரவர் இடத்தில் நின்றார்கள், யாருக்கும் யாரும் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தாழம்புதர் ஓடை வழியாகச் சுற்றி, பட்டப்பகலில், மேற்கரைக்காரர்கள் சாப்பிட உட்கார்ந்திருந்த நேரத்தில் திட்டின் பின்பக்கம் ஏறினார்கள். நான்கு பேர் நீந்திப்போய் விசைப்படகின் கயிற்றை அவிழ்த்தார்கள். ஆறு பேர் மதகுச் சக்கரத்தின் பூட்டை அறுத்தார்கள். மற்றவர்கள் சாப்பாட்டுத் தட்டுகளுக்கும் துப்பாக்கிகளுக்கும் நடுவில் வந்து நின்றார்கள்.

மேற்கரைக் கூட்டத்துக்குத் தலைவியாக உமையாள் என்று ஒரு பொறியாளர் இருந்தாள். கையில் பிசைந்த சோற்றோடு எழுந்து, புதர்களுக்கு மேலாக எட்டி, கீழே ஆற்றங்கரையில் மணலில் கிடந்த வரிசையை அப்போதுதான் பார்த்தாள். "எங்களுக்குத் தெரியாதும்மா" என்றாள். "சத்தியமாத் தெரியாது."

"ஏன் மூடினீங்க?"

"அறுபதாயிரம் பேரைச் சேத்து வச்சுக்கிட்டு வெடி வேற போட்டா, நாங்க என்ன நினைப்போம்? எங்க ஊர்ல நாலு மாசமா யாரும் தூங்கல. படையால உங்களை எதிர்க்க முடியாது, தண்ணியையாவது பிடிச்சு வைப்போம்னு வந்தோம்." அவள் கையைக் கழுவினாள். "நீங்க எத்தனை பேர் வந்திருக்கீங்க?"

"இருபத்தி நாலு."

உமையாள் மதகின் மேல் நின்று கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்தாள். "வேலை தெரிஞ்சவங்க" என்றாள்.

கதவுகளைத் திறந்தார்கள். ஆனால் திட்டில் இரவு தங்கிக் காவல் காக்க இன்னொரு இருபது பேர் தெய்வயானையிடம் இல்லை, கரையில் நின்ற அறுபதாயிரத்தில் ஒருவனையும் அங்கே கொண்டுபோய் விடுவதில் பிரயோஜனமும் இல்லை. அன்று மாலைக்குள் மேற்கரையின் தொள்ளாயிரம் பேரும் வந்துவிடுவார்கள் என்பது இரண்டு பெண்களுக்குமே தெரிந்திருந்தது. அதனால் ஆற்றில் பாதித் தண்ணீர் அவர்களுக்கு, பாதி இவர்களுக்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். முன்பு முக்கால் பங்கு செங்கழிநாட்டுக்கு இருந்தது. அந்தக் கால் பங்கு போனது போனதுதான்.

தளபதி அதை வெற்றி என்று அறிவித்தார். இழந்த நாற்பத்தொரு பேரை ஈடுசெய்ய, ஒன்றுக்கு இரண்டாக எண்ணும்படி சிங்கராயருக்கு உத்தரவு போட்டார். சிங்கராயர் மைதானத்துக்கு வந்தார், நோட்டைத் தரையில் வைத்தார்.

"எண்ண மாட்டேங்கய்யா. கூப்பிட்டா வந்துடுறாங்க. வந்தவங்களை என்ன செய்யன்னு நமக்குத் தெரியல. என் வாயால இனி ஒருத்தனைக் கூப்பிட மாட்டேன்."

தளபதி தானே எண்ணினார். மதியம்வரை, குரல் கட்டும்வரை எண்ணினார். ஒருவரும் வரவில்லை. மறுநாளும் எண்ணினார். பிறகு அவரை மைதானத்துப் பக்கம் யாரும் பார்க்கவில்லை, மருத்துவ விடுப்பு என்று ஒரு தாள் மட்டும் வந்தது. அவர் இடத்துக்கு யார் என்று அமைச்சரவை முடிவு செய்கிறவரை பார்த்துக்கொள்ளும்படி தெய்வயானையிடம் சாவிக்கொத்தைக் கொடுத்தார்கள். அதில் இருந்த நாற்பது சாவிகளில் முப்பத்தைந்துக்கு எந்தப் பூட்டென்று யாருக்கும் தெரியவில்லை.

அவள் முதலில் ஆயிரம் ஆயிரம் பேராகப் பிரித்து, உழவுக்கும் உப்பளத்துக்கும் கிணறு தூர்வாரவும் கேட்டவர்களோடு அனுப்பினாள். படையில் இருக்கிறேன் என்றவர்களிடம், அப்படியானால் நீச்சல் கற்றுக்கொள் என்றாள். எண்ணாயிரம் பேர் இருக்கிறோம் என்றார்கள். எபனேசர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஒரு தடவைக்கு எட்டுப் பேர்தான் முடியும்மா. எட்டுப் பேருக்குப் பதினைஞ்சு நாள். கணக்குப் போட்டா நான் செத்துப் பல வருஷம் ஆயிருக்கும்."

"கத்துக்கிட்டவன் அடுத்தவனுக்குக் கத்துக் குடுப்பான் அண்ணே. ஆரம்பிங்க."

புரட்டாசி முதல் வாரத்தில் ஒரு காலை, கரியாறு பாதி அளவு தண்ணீரோடு அமைதியாகப் போய்க்கொண்டிருந்தது. எட்டுப் பேர் இடுப்பில் கயிற்றோடு இறங்கினார்கள். மிச்ச எண்ணாயிரம் பேர் கரையில் வரிசையாக உட்கார்ந்து பார்த்தார்கள், தங்கள் முறைக்குக் காத்திருப்பதில் அவர்களுக்கு எந்த வருத்தமும் இருந்ததாகத் தெரியவில்லை. தண்ணீரில் இருந்த எட்டுப் பேரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு விறைப்பாக, அணிவகுப்பில் நிற்பதுபோல் நின்றார்கள். அதில் ஒருவன் தெய்வயானை பார்ப்பதைக் கண்டு சலாம் வைத்தான், கால் வழுக்கி முழுகினான், எபனேசர் திட்டிக்கொண்டே கயிற்றை இழுத்தார்.

தெய்வயானை பூட்ஸைக் கழற்றி எறிந்துவிட்டுத் தண்ணீரில் இறங்கினாள். "சலாம் வைக்கச் சொன்னேனா உன்னை? கையைக் கீழ போடு! என்னைப் பாக்காத, தண்ணியைப் பாரு! காலை அடி, காலை அடிடா!" என்று ஆத்திரத்தோடு கத்தினாள். அவன் அடித்தான். நீர் எல்லாத் திசையிலும் தெறித்தது. அவள் அவன் வயிற்றுக்கு அடியில் கை கொடுத்துத் தாங்கிக்கொண்டு, ஒரு முழம், இரண்டு முழம் என்று கூடவே நடந்தாள், பிறகு சொல்லாமல் கையை எடுத்தாள்.